அம்மாவின் ஸ்கேனும் வெளிச்சம் எழுப்பும் ஓசையும்

சென்ற வருடம் மாரி மழை தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்னர், அம்மாவின் இடது மார்பில் பாக்களவான கட்டியொன்று கைக்குத் தட்டுப்பட்டது. மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு நிலையத்துக்கு ஸ்கேன் எடுக்க அழைத்துச் சென்றேன். வைத்தியர் கருவியின் தலையை மார்பில் வைப்பதற்கு முன்னர் குளிர்ந்த ஜெல்லைப் பூசியபோது, அம்மா கூச்சத்துடன் என் பக்கம் திரும்பி, "என்ன புள்ள, இதை ஏன் பூசுறாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கும் எனக்கு, ஒலியின் ஓட்டத்துக்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பைக் குறிக்கும் 'ஒலித்தடங்கல்' என்ற சொல்தான் முதலில் நாவுக்கு வந்தது. அந்தச் சொல்லால் அம்மாவுக்கு எந்தப் பயனும் இல்லை. அதனால் அம்மப்பாவின் துடுப்பை நினைவூட்டினேன். வாவியில் தோணி விட்டு மீன் பிடித்த அவர், பறுவ நாள் இரவுகளில் கல்லடிப் பாலத்துக்கு அருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, மறு நுனியை எங்கள் காதோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்வார். வாவிக்குள்ளிருந்து பாட்டுப்போல ஓர் ஓசை கேட்கும். பாடுவது மீனா, ஊரி என்ற நத்தையா என்ற வழக்கு எங்கள் ஊரில் இன்றைக்கும் தீரவில்லை. ஆனால் துடுப்பில்லாமல் வெறுங்காதால் கேட்டால் அந்த ஓசை ஏறக்குறைய இல்லாமலே போய்விடும் என்பதில் எவருக்கும் வழக்கில்லை. நீருக்குள் பிறந்த ஓசை நீர்மட்டத்தை அடைந்து காற்றைச் சந்திக்கும்போது, அதன் சக்தியில் நூற்றுக்கு 99.9 பங்கு தெறித்து மீண்டும் நீருக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. மரத்தின் ஒலித்தடங்கலோ நீரினுடையதற்கு அண்மையானது. ஆகவே ஓசை நீரிலிருந்து துடுப்புக்குள் ஏறி, காதடி எலும்புவரை வந்து சேர்கிறது. தோலுக்கும் கருவிக்கும் இடையில் தாள்போன்ற காற்றுப்படலம் இருந்தாலும் ஒலி உள்ளே போகாது, வெளியே வராது. அந்தக் காற்றை அகற்றுவதுதான் ஜெல்லின் வேலை. "அப்பாட துடுப்பு மாதிரி எண்டு சொல்லு" என்றுவிட்டு அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

திரையில் தெரிந்தது நீள்வட்டமான, விளிம்பு ஒழுங்கான, உட்புறம் கறுத்த ஓர் உருவம். நீர்க்கட்டி போலத்தான் தெரிகிறது, ஆனால் உள்ளே சற்று மங்கலாக இருக்கிறது, ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்ப்போம் என்றார் வைத்தியர். அந்த ஆறு மாதக் காத்திருப்பில்தான் நான் இந்த விடயத்தைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். ஸ்கேன் கருவி அனுப்பும், காதுக்குக் கேட்காத கழியொலியின் எதிரொலி, இழையத்தின் அடர்த்தியும் விறைப்பும் எங்கே மாறுகின்றன என்பதைச் சொல்கிறது. அந்த இடத்தில் இருப்பது என்ன நிறப் பொருள், அதற்குள் நுண்ணிய குருதிக்குழாய்கள் புதிதாக முளைத்திருக்கின்றனவா, அந்தக் குருதியில் ஒட்சிசன் எவ்வளவு என்பதைச் சொல்ல அதற்கு வழியில்லை. பெரிய குழாய்களில் ஓடும் குருதியை டொப்ளர் முறை காட்டும். குருதி மெல்ல ஊரும் மிகச் சிறிய குழாய்கள் அதற்கும் தப்பிவிடும். நிறத்தை அறிவது ஒளியின் வேலை. ஆனால் ஒளியால் உடலுக்குள் நேராகப் போக முடியாது.

கைத்தொலைபேசியின் விளக்கை விரல்நுனியில் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். விரல் முழுவதும் சிவந்து ஒளிரும். உள்ளே இருக்கும் எலும்பின் விளிம்போ குழாயின் நிழலோ தெளிவாகத் தெரியாது. ஒளி உள்ளே போகிறது, மறுபக்கமாக வெளியேயும் வருகிறது, ஆனால் வழியில் ஒவ்வொரு பத்திலொரு மில்லிமீற்றருக்கும் ஒரு தடவை என்ற அளவில் சிதறிச் சிதறி, ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் ஆழத்துக்குள் தான் வந்த திசையையே மறந்துவிடுகிறது. மழைக்காலத்து வாவித் தண்ணீருக்குள் டோர்ச் அடித்தால் தண்ணீர் முழுக்க வெளிச்சமாகும், அடியில் கிடக்கும் பொருள் தெரியாது. அதே நிலைதான் இதுவும். ஒலியின் நிலை வேறு. ஒரே இழையத்தில் ஒரே தூரத்துக்கு, கழியொலி ஒளியைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு குறைவாகவே சிதறுகிறது. ஆகவே ஒளியை உள்ளே அனுப்பி, அது சேருமிடத்தில் அதனை ஒலியாக மாற்றி, அந்த ஒலியை வெளியே நின்று கேட்க முடிந்தால், நிறத்தை அறியும் திறனும் நேர்வழி செல்லும் திறனும் ஒன்றாகக் கைக்கு வருகின்றன. ஒளியொலிப் படமாக்கம் என்பது இவ்வளவுதான். ஆனால் இந்த 'இவ்வளவு' நடைமுறைக்கு வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

தொலைபேசியால் பெயர்பெற்ற அலெக்சாண்டர் கிரகம் பெல், சூரிய ஒளிக்கற்றையில் பேச்சை ஏற்றி அனுப்பும் கருவியொன்றைத் தன் உதவியாளர் சார்ள்ஸ் சம்னர் ரெயின்ரருடன் சேர்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒளிக்கற்றையை விரைவாக மறைத்தும் திறந்தும் ஒரு மெல்லிய தகட்டின்மீது விழச் செய்தால், அந்தத் தகடே ஒலியெழுப்புவதை அவர்கள் கண்டார்கள். 1880 ஆம் ஆண்டு பொஸ்ரனில் அறிஞர்கள் கூடிய அவையில் பெல் அதனை அறிவித்தார். அடுத்த ஆண்டு வெளியான அவரது ஆய்வில், நிறம் கூடிய, துளைகள் நிறைந்த பொருட்களே உரத்து ஒலிக்கின்றன என்பதும், எல்லாவற்றிலும் புகைக்கரி முன்னிற்கிறது என்பதும் தெளிவாயின. அதே 1881 இல் வாயுக்களில் இந்த விளைவை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் வில்ஹெல்ம் றொன்ஜன். பதினான்கு ஆண்டுகள் கழித்து எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்து மருத்துவப் படமாக்கலுக்கு வாசலைத் திறந்தவரும் அவரே. இன்னொரு வாசலையும் அவருடைய கை முன்னரே தொட்டிருந்தது என்பதை வாசித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அன்றைக்கு லேசரும் இல்லை, நுண்ணிய அமுக்கத்தை உணரும் கருவியும் இல்லை, ஒரு செக்கனில் கோடிக்கணக்கான அளவீடுகளைப் பதியும் கணினியும் இல்லை.

இனி உள்ளே நடப்பதைப் பார்ப்போம். சில நனோசெக்கன்கள் மட்டுமே நீடிக்கும் லேசர்த் துடிப்பு தோலின்மேல் விழுகிறது. சிதறி உள்ளே பரவிய ஒளியைக் குருதியிலுள்ள ஈமோகுளோபின் அகத்துறிஞ்சுகிறது. குருதி சிறிதே சூடாகிறது. சூடான பொருள் விரிய முயல்கிறது. ஆனால் 10 நனோசெக்கனில் ஒலி செல்லக்கூடிய தூரம் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒன்றரைப் பங்கு மாத்திரமே என்பதால், குழாயின் உட்பகுதி விரிவதற்கு அவகாசம் கிடைப்பதற்கு முன்னரே சூடேறி முடிந்துவிடுகிறது. விரிய இடமில்லாத வெப்பம் அமுக்கமாக மாறுகிறது. அந்த அமுக்கமே நாலாபுறமும் அலையாகப் புறப்படுகிறது. வெப்பம் கடத்தப்பட்டுக் கரைந்துபோக எடுக்கும் நேரம் இதைவிடப் பன்மடங்கு நீண்டது. பத்திலொரு மில்லிமீற்றர்ப் பொருளுக்கு அது ஒரு செக்கனின் நூறில் சில பங்குகள். துடிப்பு குறுகியதாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். அதே சக்தியை ஆறுதலாகக் கொடுத்தால் இழையம் இளஞ்சூடு ஆகுமே தவிர ஓசை எழாது.

வெப்பநிலை ஒரு பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்கு உயர்ந்தால், அந்த இடத்தில் அமுக்கம் சுமார் 800 பஸ்கால் உயர்கிறது. எட்டுச் சென்ரிமீற்றர் உயரத் தண்ணீர் தன் அடியில் கொடுக்கும் அமுக்கம் அது. உடலால் உணரவே முடியாத சூட்டுக்கு இவ்வளவு பெரிய விளைவு. எழும் அமுக்கத்தை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன: அந்த இடத்துக்கு எவ்வளவு ஒளி வந்து சேர்ந்தது, அந்தப் பொருள் அதில் எவ்வளவை அகத்துறிஞ்சியது, அகத்துறிஞ்சிய வெப்பத்தை அந்தப் பொருள் எவ்வளவு திறமையாக அமுக்கமாக மாற்றியது. மூன்றாவதற்குக் குருனைசன் எண் என்று பெயர். வெப்பத்தால் விரியும் தன்மை, ஒலியின் கதியின் வர்க்கம் ஆகியவற்றின் பெருக்கத்தைத் தன்வெப்பக் கொள்ளளவால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். நீருக்கு 20 பாகை செல்சியஸில் அது 0.11 அளவில் இருக்கிறது. உடலின் வெப்பநிலையில் 0.2 வரை உயர்கிறது. நீர் 4 பாகையில் விரிவதுமில்லை, சுருங்குவதுமில்லை என்பதை உயர்தர வகுப்பில் எல்லோரும் படிக்கிறோம். அந்த வெப்பநிலையில் நீரின்மீது எவ்வளவு லேசர் பாய்ச்சினாலும் இவ்வழியில் ஓசை பிறக்காது. பரீட்சைக்காக மனனம் செய்யும் ஒரு வரிக்குள் இப்படியொரு மௌனம் ஒளிந்திருப்பதை இந்த வருடம் என் வகுப்பில் சொன்னேன்; பின்வாங்குப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அலை புறப்பட்ட பின்னரான பயணத்தை விளக்க, எங்கள் ஊரில் ஐப்பசி மாலைகளில் இடிக்கும் இடியைவிடச் சிறந்த உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. மின்னல் பாய்ந்த பாதையில் காற்று கணத்தில் பல்லாயிரம் பாகை சூடாகி, விரிய நேரமின்றி வெடிக்கிறது, அதுவே இடி. வெளிச்சம் உடனே வருகிறது, ஓசை பிந்தி வருகிறது, மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் என்று கணக்கிட்டு மின்னல் எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்கிறோம். மின்னல் ஒரு கணத்தில் முடிந்தாலும் இடி உருண்டு உருண்டு நீள்வதற்குக் காரணம், நீண்ட பாதையின் கிட்டிய பகுதியின் ஓசை முதலிலும் எட்டிய பகுதியின் ஓசை பின்னரும் வந்து சேர்வதே. உடலுக்குள்ளும் கணக்கு இதுவேதான், அளவு மட்டும் வேறு. மென்னிழையத்தில் ஒலி செக்கனுக்குச் சுமார் 1540 மீற்றர் செல்கிறது. ஒரு சென்ரிமீற்றரைக் கடக்க ஆறரை மைக்கிரோசெக்கன். வழமையான ஸ்கேனில் ஒலி போய்த் திரும்ப வேண்டும். இதில் திரும்பும் பயணம் மட்டுமே. போகும் பயணத்தை ஒளி பார்த்துக்கொள்கிறது, அதற்கு எடுக்கும் நேரத்தைக் கணக்கில் எடுக்கவே தேவையில்லை.

ஓர் உணரி தனியாகக் கேட்டால் தூரம் மட்டும் தெரியும், திசை தெரியாது. கல்லடியில் ஒருவரும் காத்தான்குடியில் ஒருவரும் வந்தாறுமூலையில் ஒருவரும் ஒரே இடிக்கு நேரம் குறித்தால், மூன்று வட்டங்களும் வெட்டும் புள்ளியில் மின்னலின் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஒளியொலிக் கருவி நூற்றுக்கணக்கான உணரிகளை வைத்து இந்த வட்டங்களைத்தான் வரைகிறது. ஆகவே திரையில் தெரிவது புகைப்படமன்று. அலை வந்த வழியைப் பற்றி நாம் கொண்டுள்ள அனுமானத்திலிருந்து கணித்து எழுப்பிய ஓர் உருவம். அனுமானம் பிழைத்தால் உருவமும் பிழைக்கும். இதனை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் திரையில் தெரிவதை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது.

பிழை எப்படி வருகிறது என்பதற்கு ஒரு சிறு கணக்கு. கொழுப்பில் ஒலியின் கதி செக்கனுக்கு 1450 மீற்றர் அளவில்தான். மார்பின் பெரும்பகுதி கொழுப்பு. 3 சென்ரிமீற்றர் ஆழத்திலிருந்து கொழுப்பினூடாக வந்த அலையை, 1540 என்ற கதியை வைத்துக் கணித்தால், அந்தப் பொருள் கிட்டத்தட்ட 2 மில்லிமீற்றர் கூடுதல் ஆழத்தில் இருப்பதாகத் தெரியும். ஒவ்வோர் உணரிக்கும் இந்தப் பிழை வெவ்வேறு அளவில் ஏற்படுவதால், வட்டங்கள் ஒரே புள்ளியில் வெட்டாமல் விலகி, கூர்மையான குழாய் மங்கிய கோடாகிவிடும். எலும்பு இன்னும் கடினம். அதில் ஒலி செக்கனுக்கு 3000 மீற்றரைத் தாண்டிச் செல்கிறது. எல்லையில் பெரும்பகுதி தெறிக்கிறது, எஞ்சியது முறிந்து திசை மாறுகிறது. எலியின் மெல்லிய மண்டையோட்டுக்கூடாக மூளையின் குருதிக்குழாய்களை 2003 இல் படமாக்கிக் காட்டினார்கள். வளர்ந்த மனிதரின் தடித்த மண்டையோடு அவ்வளவு இலகுவில் வழிவிடுவதில்லை. காற்று நிரம்பிய நுரையீரலோ முழுத்தடை. துடுப்பில்லாத வாவிதான் அது.

தூரம் கூடும்போது ஓசை தேய்வதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பொருள் சிறிதானால் அதன் ஓசையின் மீடிறன், அதாவது செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது, உயரும். ஒரு மில்லிமீற்றர் தடித்த குழாய் ஒன்றிரண்டு மெகாஹேர்ட்ஸை அண்டி ஒலித்தால், பத்திலொரு மில்லிமீற்றர்க் குழாய் அதன் பத்து மடங்கில் ஒலிக்கும். மென்னிழையமோ உயர்ந்த மீடிறனையே கூடுதலாக விழுங்குகிறது. ஒரு மெகாஹேர்ட்ஸுக்கு ஒரு சென்ரிமீற்றரில் ஏறத்தாழ அரை டெசிபெல் என்பது பொதுவான கணக்கு. 4 சென்ரிமீற்றர் கடந்துவரும் 5 மெகாஹேர்ட்ஸ் அலையின் வலுவில் பத்தில் ஒரு பங்கே மிஞ்சும். அதே தூரத்தில் 1 மெகாஹேர்ட்ஸ் அலையில் பாதிக்கு மேல் தப்பி வரும். எனவே ஆழத்துக்குப் போகப் போக நுண்ணியவை முதலில் மறைகின்றன, பருத்தவை பிந்தி மறைகின்றன. இன்னொரு குறையும் உண்டு. நீண்ட குழாய் தன் பக்கவாட்டில்தான் வலுவாக ஒலிக்கும். ஆகவே தோலின்மேல் தட்டையாக வைத்த உணரிக்குத் தோலுக்குச் சமாந்தரமாக ஓடும் குழாய்கள் நன்றாகத் தெரியும், நேரே கீழ்நோக்கி இறங்கும் குழாய்கள் காணாமல்போகும். படத்தில் இல்லை என்பதால் உடலில் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இத்தனை இடர்களையும் தாண்டி ஏன் இதன்மீது நம்பிக்கை வைக்கிறார்கள் என்றால், நிறம். ஒட்சிசன் ஏந்திய ஈமோகுளோபினும் ஒட்சிசனை இறக்கிவிட்ட ஈமோகுளோபினும் வெவ்வேறு நிறமுடையவை. 800 நனோமீற்றரை அண்டிய அலைநீளத்தில் இரண்டும் ஒரே அளவாக ஒளியை அகத்துறிஞ்சுகின்றன. அதற்குச் சற்றுக் கீழே, 750 நனோமீற்றர் அளவில் ஒட்சிசன் இழந்தது கூடுதலாகவும், 800க்கு மேலே ஒட்சிசன் ஏந்தியது கூடுதலாகவும் அகத்துறிஞ்சுகின்றன. இரு நிறங்களில் மாறிமாறித் துடிப்பு அனுப்பி, எழும் ஓசைகளை ஒப்பிட்டால் அந்தக் குழாயின் குருதியில் ஒட்சிசன் எவ்வளவு என்று ஊகிக்கலாம். வேகமாக வளரும் புற்றுக்கட்டி தனக்கென்று ஒழுங்கற்ற குழாய்களை இழுத்துக்கொள்கிறது, வந்த ஒட்சிசனை விரைவாகத் தின்கிறது. இந்த அடிப்படையில், கழியொலியையும் ஒளியொலியையும் ஒரே தலையில் சேர்த்த மார்புப் பரிசோதனைக் கருவியொன்றுக்கு 2021 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. சாதாரண ஸ்கேன் சந்தேகத்தில் விட்ட கட்டிகளில் எதற்கு ஊசி குத்திச் சோதிக்க வேண்டும், எதற்குத் தேவையில்லை என்று தீர்மானிக்க வைத்தியருக்கு உதவுவதே அதன் நோக்கம். அம்மா காத்திருந்த ஆறு மாதமும் ஊசியின் நினைப்பில் அவர் சரியாக உறங்கவில்லை; ஆகவே இந்த நோக்கம் எனக்கு வெறும் தொழில்நுட்பச் செய்தியாகப் படவில்லை.

பாடசாலையில் லேசர் கிடையாது. பெல்லின் பரிசோதனைக்கு ஜாம் போத்தல் போதும். போத்தலின் உட்சுவரில் ஒரு பாதியை மெழுகுதிரிச் சுடரால் கரியேற்றி, மூடியில் துளையிட்டு, பழைய இழைமின்குமிழுக்கு அருகில் பிடித்துத் துளையில் காதை வைத்தால், மெல்லிய ரீங்காரம் கேட்கும். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸில் மாறுவதால் குமிழின் ஒளி செக்கனுக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது. அந்த 100 ஹேர்ட்ஸ்தான் கேட்பது. கரியேற்றாத போத்தலில் ஒன்றும் கேட்காது. ஒவ்வொருவராகக் கேட்டு முடிந்ததும், வெயிலில் வயல்வேலை செய்து கறுத்த கைகளை உடைய ஒரு மாணவன் எழுந்து, "அப்ப டீச்சர், கறுத்த தோலும் கூடச் சத்தம் போடுமா?" என்று கேட்டான்.

போடும். இந்தத் துறை இன்று மல்லுக்கட்டும் கேள்விகளில் அது முக்கியமான ஒன்று. தோலின் மேற்படையிலுள்ள மெலனின் என்ற நிறப்பொருள் ஒளியை வலுவாக அகத்துறிஞ்சுகிறது. அதனால் உள்ளே போகும் ஒளி குறைகிறது. அதோடு நில்லாமல், தோலே உரத்து ஒலிக்கிறது. அந்த ஓசை நேராக உணரிக்கு வருவது மட்டுமன்றி, உள்நோக்கியும் சென்று, அங்குள்ள எல்லைகளில் தெறித்துப் பிந்தி வந்து, ஆழத்தில் இல்லாத பொருட்களை இருப்பதுபோலக் காட்டுகிறது. மெலனின் எல்லா அலைநீளங்களையும் ஒரே அளவில் விழுங்குவதுமில்லை. குறுகிய அலைநீளத்தைக் கூடுதலாக விழுங்குவதால், இரு நிறங்களின் ஓசையை ஒப்பிடும் ஒட்சிசன் கணக்கும் சாய்ந்துவிடுகிறது. விரல்நுனியில் கவ்வும் ஒட்சிசன்மானியில் என்ன நடந்தது என்பதை நாம் ஏற்கெனவே கண்டோம். கொவிட் காலத்தில், 2020 இறுதியில் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று, அந்தக் கருவி நல்ல அளவு காட்டிக்கொண்டிருக்கும்போதே உண்மையில் ஒட்சிசன் குறைந்திருக்கும் நிலை, வெள்ளை நோயாளரைவிடக் கறுப்பு நோயாளரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று காட்டியது. அந்தக் கருவி பல பத்தாண்டுகளாக உலகெங்கும் பாவனையில் இருந்தது.

ஒளியொலிக் கருவி இன்னும் இளையது. இப்போதே சரிசெய்ய முடியும், சரிசெய்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தோலின் மெலனின் அளவைத் தனியாக அளந்து ஒளிக்கணக்கில் சேர்க்கலாம். மெலனின் குறைவாக விழுங்கும் நீண்ட அலைநீளங்களைத் தெரியலாம். தோலின் ஓசையைப் பிரித்து நீக்கும் கணித முறைகளை ஆக்கலாம். ஆனால் இவற்றுள் எது சரியாக வேலை செய்கிறது என்பதை எங்களைப் போன்ற தோல்களில் வைத்துத்தான் சோதிக்க முடியும். நிறம் ஓர் எண்ணில் அடங்கிவிடுவதுமில்லை. அக்கரைப்பற்றில் வெயிலில் நிற்கும் ஒரு விவசாயியின் முன்கையும் அவருடைய சட்டைக்குள் இருக்கும் தோளும் ஒரே உடலின் இரு நிறங்கள். அதே மாணவனை மறுநாள் அழைத்து இவ்வளவையும் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, போத்தலின் வெளிப்புறத்திலும் கரி பூசினால் உள்ளே சத்தம் குறையுமா என்று செய்து பார்க்க அனுமதி கேட்டான். இருவரும் செய்தோம். குறைந்தது.

பங்குனியில் அம்மாவுக்கு இரண்டாவது ஸ்கேன் நடந்தது. கட்டி வளரவில்லை, உள்ளிருந்த மங்கலும் தெளிந்திருந்தது; வெறும் நீர்க்கட்டிதான், பயமில்லை என்றார் வைத்தியர். குருதியில்லாத தெளிந்த நீர். ஒளியொலிக் கருவியால் பார்த்திருந்தால் அந்த இடத்தில் ஓசையே எழுந்திருக்காது. வைத்தியர் துடைக்கத் தாள் கொடுத்தபோது அம்மா ஜெல்லை விரலால் தொட்டுப் பார்த்து, "அப்பாட துடுப்பு" என்றார்.